முன்னால் நின்றால் கேட்கும்

13.02.2023 – ஆம்புலன்ஸ் – ரூ. 2,200
13.02.2023 – தலை ஸ்கேன் – ரூ. 4,800
13.02.2023 – ஆபரேஷன் முன்பணம் – ரூ. 2,00,000
15.02.2023 – காது டெஸ்ட் – ரூ. 2,600
16.02.2023 – ஆக்சிஜன் ஆம்புலன்ஸ் முன்பணம் – ரூ. 1,500
16.02.2023 – காது டெஸ்ட், மறுபடி – ரூ. 2,600

இரண்டு லட்சம் கட்டி மண்டையைத் திறந்து மூடிய இடத்தில் இரண்டாயிரத்து அறுநூறை யாரும் ஒரு தொகையாகவே எண்ணவில்லை. மயிலாத்தாள் எண்ணினாள். அவளுக்குப் பணம் பெரிதில்லை. கண்ணே திறக்காமல் கிடக்கிற மனுசனுக்குக் காது டெஸ்ட் எதற்கு என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. நர்ஸிடம் கேட்டாள், அவளோ டாக்டரைக் கேட்கச் சொன்னாள். டாக்டரிடம் கேட்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

மயிலாத்தாளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது அன்னூர்ப் பக்கம், தோட்டத்து வீடு. வாழ்க்கைப்பட்டது சூலூரில், எட்டுத் தறி ஓடுகிற வீடு. வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். கரண்ட் இருக்கும்வரை சத்தம், கரண்ட் போனால்தான் பேச்சு. கல்யாணமான புதிதில், தான் வாய் திறக்கும்போதெல்லாம் புருசன் அப்புசாமி தன் முகத்தையே பார்க்கிறானே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இந்த அளவுக்கு ஆசையா என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வருசம் கழித்துத்தான் விளங்கியது, அவன் பார்த்தது உதட்டை. அதற்குள் அவளும் அந்தப் பழக்கத்துக்கு வந்திருந்தாள். டீ வேண்டுமென்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டுவார்கள். கூலிக்காரன் வந்திருக்கிறான் என்றால் உள்ளங்கையைத் தட்டுவார்கள். தறியை நிறுத்தாமலே ஒரு குடும்பம் நடத்திவிடலாம், நடத்தினார்கள்.

அந்தத் தெருவில் 'செவிடு' என்பது வசவு. வியாதியின் பெயராக அதை யாரும் சொன்னதில்லை. தறி ஓட்டுகிறவனுக்குக் காது மந்தமாவது தோட்டம் பார்க்கிறவனுக்குக் கை காய்த்துப்போவது மாதிரி. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர் கிடையாது. மகள் ரித்திகா பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஏன்டி இப்படிக் கத்தறே" என்று கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் பேசுகிற மாதிரிதானே பேசினேன் என்று அவள் அழாத குறையாக வந்து சொன்னாள். அப்போதும் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பிப்ரவரி பதின்மூன்று, திங்கட்கிழமை. நெய்த துணியைச் சோமனூரில் இறக்கிப்போட்டு அப்புசாமி மொபெட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துத் தள்ளியது. வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான் என்று டீக்கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அவினாசி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. மூளை வீங்கியிருக்கிறது, வீக்கம் வடியும்வரை தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறோம், மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

புதன்கிழமை ஒரு பெண் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். பெயர் மிஸ்பா. கோட்டைமேட்டுக்காரி, ஆடியாலஜிஸ்ட். அந்த ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, இன்னும் நாலு ஆஸ்பத்திரியில் கூப்பிடும்போது போய்க் காது டெஸ்ட் எடுக்கிறவள். மயிலாத்தாள் கேள்வியை அவளிடமும் வைத்தாள். அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பதில் சொன்னாள். மூன்று நாளில் அப்படி நின்று பதில் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

தூக்க மருந்தில் இருக்கிறவரைக் கிள்ளிப் பார்த்தும் கூப்பிட்டுப் பார்த்தும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது என்றாள். ஆனால் காதில் விழுகிற சத்தம் மூளைத்தண்டு வழியாக மேலே போவதைத் தூக்க மருந்து அவ்வளவாகத் தடுக்காது. காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விடுவோம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய வயரில், அந்தச் சத்தம் எதுவரை போய்ச் சேர்ந்தது என்று அலை அலையாகப் பதிவாகும். மொத்தம் அஞ்சு அலை.

"சூலூர்ல பஸ் ஏறுனா ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், ராமநாதபுரம், உக்கடம்னு வருதில்லீங்களா, அந்த மாதிரிதாங்கம்மா. எந்த ஸ்டாப்போட பஸ் நிக்குதுன்னு பார்த்தா ரோடு எங்க கெட்டிருக்குதுன்னு தெரிஞ்சுபோகும். மூச்சு, நாடி எல்லாம் அந்த ரோட்டோரந்தான் இருக்குது. அதுக்குத்தான் இந்த டெஸ்ட்."

மயிலாத்தாளுக்கு இது நன்றாகவே புரிந்தது. பிறகு மிஸ்பா ஒரு தாளை எடுத்து, இதற்கு முன் காதில் ஏதாவது குறை இருந்ததா என்று கேட்டாள்.

"ஒரு கொறையுமில்லீங்க கண்ணு. நல்லாக் கேக்கும்."

மிஸ்பா அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை இளம் டாக்டர் ஒருவர் ஐ.சி.யூ. வாசலுக்கு வந்தார். காது டெஸ்ட்டில் இரண்டு பக்கமும் ஒரு அலைகூட வரவில்லை, மூளைத்தண்டில் இருந்து பதில் இல்லை, பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். இறந்துவிட்டார் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கேட்டவர்களுக்கு அப்படித்தான் விழுந்தது. ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. முதல் அலையே வராததால் மூளைத்தண்டைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நோயாளியின் காது முன்பு எப்படி இருந்தது என்று சரியாக விசாரித்து மறுபடியும் செய்ய வேண்டும் என்று மிஸ்பா எழுதியிருந்தாள். பைல் உள்ளே இருந்தது. அந்த வரிகளை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அப்புசாமியின் அண்ணன் வெங்கடபதி அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். அவரும் நாற்பது வருசம் தறி ஓட்டியவர்தான். பங்கு பிரிந்த பிறகு நூல் வியாபாரம். குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கு அவர் பேச்சுத்தான் பேச்சு. ஆஸ்பத்திரியில் வைத்து உசுரு போனால் அறுப்பார்கள், கட்டுவார்கள், நம் கைக்கு வரச் சாயங்காலமாகும். மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதுதான் முறை. அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் ஆக வேண்டும், சனிக்கிழமையில் பிணம் விழுந்தால் இன்னொன்றைத் துணைக்குக் கூப்பிடும். ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்ஸுக்கு முன்பணம் கட்டச் சொன்னார், ரித்திகா கட்டினாள். வீட்டில் தறியை நிறுத்தி வாசலைக் கூட்டச் சொல்லிப் போன் போனது.

எல்லோரும் மயிலாத்தாளிடம் பேசினார்கள். அவளை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. சொந்த விருப்பத்தில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாள் மட்டும் அவள் மடிக்கு வந்தது, ஏனென்றால் அதில் மனைவிதான் போட வேண்டுமாம். நாளைக்குக் காத்தால போடறேனுங்க என்றாள். இதில் நாளைக்கு என்ன, இன்றைக்கு என்ன என்றார் வெங்கடபதி. அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வேறு எதுவும் அவளால் செய்ய முடியவில்லை. உடம்பு சூடாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு காது டெஸ்ட்டை வைத்து ஆளைத் தூக்குவதா என்று ரித்திகாவிடம் சண்டை போட்டாள். ரித்திகா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் மூன்று மணி சுமாருக்கு மிஸ்பா வேறு ஒரு நோயாளிக்காக வந்தாள். அப்புசாமியின் கட்டில் நாளைக்குக் காலியாகிறது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். நேராக பெஞ்சுக்கு வந்து, நான் மறுபடியும் செய்யணும்னு எழுதியிருந்தேனே, யாரும் சொல்லலையா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ் உக்கடம் வராவிட்டால் ரோடு கெட்டிருக்கிறது என்று சொல்லலாம், சூலூரிலேயே கிளம்பாத பஸ்ஸை வைத்து ரோட்டைப் பற்றி என்ன சொல்வது என்றாள். அவளுடைய எரிச்சல் யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு கேட்டாள்:

"ஐயா என்ன வேலைங்கம்மா பார்த்தாரு?"

"தறிங்க."

"எத்தனை வருசமா?"

"பதினெட்டு வயசுல ஏறுனாருங்க. இப்ப அம்பத்தெட்டு."

மிஸ்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்புவாருங்களா?"

"பின்னாடி இருந்து யாருங்க கூப்பிடுவா? முன்னாடி போயி நின்னுதான் பேசோணும்."

"அப்படின்னா காது கேக்காதில்லீங்களா?"

"கேக்குங்க கண்ணு. முன்னாடி நின்னாக் கேக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் மயிலாத்தாளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. ரித்திகா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

அந்த டிக் டிக் சத்தம் மெல்லிசான, கூரான சத்தம். தறி முதலில் தின்பது அந்தக் கூரான சத்தங்களைத்தான் என்று மிஸ்பா விளக்கினாள். தாழ்ந்த தடித்த சத்தம் அவருக்கு இன்னும் மிச்சமிருக்கலாம். அந்த மாதிரிச் சத்தத்தை உரக்க வைத்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் முன்பே காது கேளாதவர் என்று வீட்டார் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் அவள் நேற்று எழுதியதை மாற்ற முடியும், பெரிய டாக்டரிடம் போய் நிற்கவும் முடியும்.

இந்த நேரத்தில் வெங்கடபதி டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். விசயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"எங்க வம்சத்துல செவிடு எவனுமில்ல. என்ற தம்பி போன்ல பேசுவான், சந்தையில பேசுவான். யாரோ வந்து கேட்டாங்கன்னா வாயில வந்ததைச் சொல்லிப்போடறதா, அம்மணி?"

அவர் மயிலாத்தாளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மிஸ்பா பின்னால் நாலடி தள்ளிப் போய் நின்று, சாதாரணக் குரலில், "ஐயா, உங்க பணம் கீழ விழுந்துருச்சுங்க" என்றாள்.

வெங்கடபதி பேசிக்கொண்டே இருந்தார். எதிர் பெஞ்சில் இருந்த வேறு வீட்டார் இரண்டு பேர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். வாட்ச்மேன் பார்த்தான். ரித்திகா அந்த நாலு நாளில் முதன்முறையாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். எல்லோருடைய கண்ணும் தன் கால்மாட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். என்ன என்று கேட்டார். மிஸ்பா சொன்னதை அவர் முகத்துக்கு நேராக நின்று மறுபடியும் சொன்னாள்.

"இந்த ஏசி எரைச்சல்ல எவனுக்குங்க கேக்கும்?" என்றார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் அவர் மறுத்ததற்கு வீம்பு மட்டும் காரணமில்லை. மயிலாத்தாளைத் தனியாக மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் தாழ்த்திய குரலே மூன்றாவது மாடிவரை போனது. ஒன்று, ரித்திகாவுக்குத் துடியலூரில் வரன் பேசி முக்கால்வாசி முடிந்திருக்கிறது. பெண் வீட்டில் செவிடு என்று தாளில் ஏறினால், வம்சத்தில் இருக்கிறதா என்று நோண்டுவார்கள். இரண்டு, விபத்துக் கேஸ். வக்கீலிடம் அன்றைக்கே பேசியாகிவிட்டது. வேன்காரன் ஹாரன் அடித்ததற்குச் சாட்சி இருக்கிறது. மொபெட் ஓட்டியவனுக்குக் காதே கேட்காது என்று ஆஸ்பத்திரித் தாளிலேயே இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி விடுமா? தப்பு உங்கள் பக்கம் என்று பாதியை வெட்டுவான். போகிற உசுரு எப்படியும் போகப் போகிறது, இருக்கிற பெண்ணுக்கு ஒரு வழி வேண்டாமா?

மயிலாத்தாள் முழுவதையும் கேட்டாள். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை என்பதுதான் அவளை எரித்தது. இரண்டும் நடக்கும் என்று அவளுக்கும் தெரிந்தது. முப்பது வருசமாக அந்தக் குடும்பத்தில் அவரை எதிர்த்து ஒரு சொல் அவள் சொன்னதில்லை.

"போகுதுங்க மாமா. கேஸு போகட்டும், வரன் போகட்டும். ஆளு இருக்கறாரா இல்லையான்னு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சுக்காம என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க."

"ஏமாந்து நிக்கப் போற, அம்மணி."

"நிக்கறேனுங்க."

பெஞ்சுக்குத் திரும்பி வந்து ரித்திகாவைக் கேட்டாள். உனக்குத்தானே கண்ணு வரன், நீ சொல்லு என்றாள். ரித்திகா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். தறி வேலை நாற்பது வருசம், இரண்டு காதும் முன்பே மந்தம், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார், மனைவி கூறியது என்று மிஸ்பா எழுதினாள். அதன் கீழே மயிலாத்தாள் தன் பெயரை முழுதாகப் போட்டாள்.

அதற்குப் பிறகும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். இளம் டாக்டர், இனி டெஸ்ட் எடுத்து என்னவாகப் போகிறது, வீட்டார்தான் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார்களே என்றார். டெஸ்ட்டுக்கு மறுபடியும் பணம் கட்டினால்தான் ரசீது, ரசீது இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றது கேஷ் கவுன்டர். அங்கே கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தது. மயிலாத்தாள் வரிசையில் நின்றாள். மிஸ்பா அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் பேசி, வர நேரமாகும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரன் இரண்டு தடவை போன் செய்து காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து தாளைப் படித்தார். கீழே இருந்த இரண்டு வரியையும் படித்தார். எடுங்கள் என்றார்.

டெஸ்ட் நடக்கும்போது மயிலாத்தாளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க விட்டார்கள். அப்புசாமியின் தலையில் கட்டு, வாயில் குழாய். மிஸ்பா நெற்றியைத் துடைத்து வயரை ஒட்டினாள், காதுக்குள் நுரைப்பஞ்சுக் குழாயைச் செருகினாள். லேப்டாப்பில் கோடு பூச்சி ஊர்வது போல நெளிந்துகொண்டே இருந்தது. ஒரே சத்தத்தை ஆயிரம் ஆயிரமாக விட்டு, வருகிற பதிலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அலை தெரியும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். வலது காதில் ஒன்றும் வரவில்லை. மிஸ்பாவின் தோள் தொங்கிப்போனது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இடது காதுக்கு மாற்றினாள். பிறகு அதையே மறுபடி எடுத்தாள். மூன்றாம் தடவையும் எடுத்தாள். மூன்று கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

வெளியே வந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் மண்மேடு போல ஒரு சின்ன மேடு. மூன்று கோட்டிலும் அதே இடத்தில் இருந்தது.

"உக்கடம் வந்திருச்சுங்கம்மா. கொஞ்சம் லேட்டா. நடுவுல இருக்கற ஸ்டாப் எதுவும் இந்தச் சத்தத்துல சரியாத் தெரியாது, ஆனா கடைசி ஸ்டாப்புக்கு வந்திருக்குதுன்னா ரோடு இருக்குதுன்னு அர்த்தம்."

மயிலாத்தாள் அந்த மேட்டைத் தொட்டுப் பார்க்கப் போனாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள். மிஸ்பா அவசரமாக இன்னொன்றும் சொன்னாள். இது அவர் கண் முழிப்பார் என்று சொல்கிற டெஸ்ட் அல்ல. எழுந்து நடப்பார், பேசுவார் என்றெல்லாம் இதில் தெரியாது. மூளைத்தண்டு போய்விட்டது என்று காலையில் நினைத்தது சரியில்லை, அவ்வளவுதான் இதில் இருக்கிறது. அதற்கு மேல் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அவ்வளவு போதும் என்றாள் மயிலாத்தாள். கைப்பையிலிருந்த தாளை எடுத்து, கையெழுத்துப் போடாமலே இளம் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். வெங்கடபதி வீட்டுக்குக் கிளம்பிப்போய்விட்டார். ஆம்புலன்ஸுக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை.

அப்புசாமி பதினெட்டு நாள் கழித்துக் கண்ணைத் திறந்தார். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தார். வலது கை சரியாக விளங்கவில்லை. வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது, சில நாள் மகளின் பெயரே வருவதில்லை. திடீரென்று கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடுகிறார், தள்ளிவிட்டது மறந்தும்போகிறது. நாலு தறியை விற்றுவிட்டார்கள். மீதி நாலை மயிலாத்தாள் ஒரு ஆளை வைத்து ஓட்டுகிறாள். காலையில் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுகிறாள். டாக்டர் சொன்ன மாதிரி காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி ரித்திகா சண்டை போடுகிறாள். வைத்தால் தலை வலிக்கிறது என்கிறாள் இவள்.

துடியலூர்க்காரர்கள் பெரிய மனசோடு ஆஸ்பத்திரிக்கே வந்து ஆரஞ்சு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று ஜோசியக்காரர்கள் பார்த்துப் பத்துக்கு எட்டு என்று சொன்ன பொருத்தம், அடுத்த மாசம் நாலாவது ஜோசியக்காரரிடம் அஞ்சாகக் குறைந்துவிட்டது. செவிடு என்ற சொல்லை அவர்கள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் மயிலாத்தாள் பதில் சொல்லியிருப்பாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்தது. விசாரிக்க வந்த ஆள் ஆஸ்பத்திரியில் கேஸ் தாளின் நகல் வாங்கிப் போயிருந்தான். முதல் கடிதத்தில் காது சம்பந்தமான பழைய மருத்துவச் சான்றுகளை அனுப்பச் சொன்னார்கள். எங்கே போவது? நாற்பது வருசத்தில் ஒரு காது டாக்டரிடமும் போகாத மனுசனுக்கு என்ன சான்று? அப்படி எதுவும் இல்லை என்று வக்கீல் எழுதினார். இரண்டாவது கடிதத்தில், சான்று இல்லாவிட்டாலும் மனைவி கையெழுத்திட்ட வாக்குமூலம் இருக்கிறது என்று சொல்லி, அதை வரிக்கு வரி எழுதியிருந்தார்கள். மயிலாத்தாள் கோர்ட்டுக்கு எட்டுத் தடவை போனாள். மூன்று தடவை நீதிபதி விடுமுறை, இரண்டு தடவை கம்பெனி வக்கீல் வரவில்லை. ஒரு தடவை கூண்டில் ஏற்றி, உங்கள் கணவருக்குக் காது கேட்காது என்பது உண்மைதானே என்று மட்டும் கேட்டார்கள். ஆமாங்க என்றாள். மேற்கொண்டு சொல்ல வாய் திறந்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார்கள்.

மிஸ்பா ஒரு நாள் ஆட்டோவில் சூலூருக்கு வந்தாள். நான் எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எழுதாமல் இருந்திருந்தால் இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று மயிலாத்தாள் திருப்பிக் கேட்டுவிட்டு, அவளுக்குக் காப்பி கலக்கப் போனாள்.

மூன்றாவது கடிதம்தான் கடைசி. சமரசத்துக்கு ஒப்புக்கொண்டால் தரக்கூடிய தொகையை அதில் போட்டிருந்தார்கள். ஹாரன் ஒலியைக் கேட்கும் திறனின்றி வாகனம் ஓட்டியது காயம்பட்டவரின் சொந்தக் கவனக்குறைவு, அதற்காக நூற்றுக்கு முப்பத்தைந்து கழிக்கப்பட்டது, இதற்கு மேல் கடிதப் போக்குவரத்து இல்லை என்று முடித்திருந்தார்கள். ரித்திகா படித்துச் சொன்னாள். வெங்கடபதியும் அன்று வந்திருந்தார். அன்னைக்கே சொன்னனல்ல என்று ஆரம்பித்தார்.

மயிலாத்தாள் எழுந்து போய் அவர் முகத்துக்கு எதிரே நின்றாள்.

"பின்னாடி இருந்து வந்து இடிச்சவனுக்குக் கண்ணு தெரிஞ்சுதான்னு இத்தனை கடுதாசியில ஒண்ணுலயாவது கேட்டிருக்கறாங்களா மாமா?"

அவர் ரித்திகாவைப் பார்த்தார். ரித்திகா கடிதத்தை உறைக்குள் போட்டு, அதன் மேலே அது வந்த தேதியை எழுதினாள்: 08.07.2025, செவ்வாய்க்கிழமை.